மெட்-சர்ஜை மறுபடி எடுத்துப் படிக்கும் நர்ஸ்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. முடித்துப் புதிதாக வார்டுக்கு வந்தவர்கள், குழந்தை பிறந்து சில வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப டியூட்டிக்கு வருபவர்கள், பிரசவ வார்டிலிருந்து திடீரென்று சர்ஜரி வார்டுக்கு மாற்றப்பட்டவர்கள், இவர்கள்தான் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில்கள் பெரியவர்களுக்கான பொது வார்டை மனதில் வைத்து எழுதியவை. கீழே வரும் எந்த எண்ணும் உங்கள் மருத்துவமனை புரோட்டோகாலோடு ஒத்துப்போகவில்லை என்றால் அங்கே இருப்பதையே பின்பற்றுங்கள்.

மெட்-சர்ஜ் (மெடிக்கல்-சர்ஜிகல் நர்ஸிங்) புத்தகத்தைத் திறந்தாலே மலைப்பாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல் அத்தியாயத்திலிருந்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தவர்கள் பாதிப் பேர் சுவாச மண்டலத்தோடு நின்றுபோனவர்கள். உங்கள் வார்டில் இன்றைக்குப் படுத்திருக்கிற ஒருவரின் கேஸ் ஷீட்டை எடுங்கள். இவருக்கு அடுத்து என்ன கெட்டுப்போகலாம், அது கெட ஆரம்பித்தால் எனக்கு முதலில் எங்கே தெரியும், இந்த இரண்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரிந்தால் அந்த நோய் உங்களுக்குத் தெரியும். தெரியவில்லையென்றால் அந்தப் பகுதியை மட்டும் போய்ப் படியுங்கள்.

உதாரணத்துக்கு, தைராய்டு ஆபரேஷன் முடிந்து ஒருவர் வந்திருக்கிறார். வரையறை, வகைகள், காரணங்கள் எல்லாம் பரீட்சைக்கு. இன்று ராத்திரி அவருக்கு வரக்கூடியது கழுத்துக்குள் ரத்தக்கசிவு, அது மூச்சுக்குழாயை அழுத்துவது. டிரெஸ்ஸிங் காய்ந்திருக்கிறது என்று நம்பிவிட முடியாது. ரத்தம் கழுத்தின் பின்பக்கமாக வழிந்து தலையணைக்குப் போயிருக்கலாம், அல்லது வெளியே வராமல் உள்ளேயே தேங்கலாம். அப்போது "கழுத்து இறுக்கமா இருக்கு சிஸ்டர்" என்று அவரே சொல்வார், குரல் மாறும், மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். அதனால்தான் தையல் பிரிக்கும் செட் கட்டில் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். அடுத்த ஓரிரு நாளில் கால்சியம் குறைந்தால் உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், பி.பி. பார்க்கக் கஃப்பை ஏற்றும்போது கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும். இவ்வளவையும் படிக்க அரை மணி நேரம் போதும், ஒரு முகத்தோடு சேர்த்துப் படித்தது சீக்கிரம் மறக்காது.

வைட்டல்ஸ் தினமும் பார்க்கிறோமே, அதில் புதிதாகப் படிக்க என்ன இருக்கிறது?

மற்ற எதையும் விட இதில்தான் அதிகம் இருக்கிறது. ஏதாவது ஒரு வார்டின் டி.பி.ஆர். (காய்ச்சல், பல்ஸ், மூச்சு) சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள், மூச்சு எண்ணிக்கை எல்லோருக்கும் 20 அல்லது 22 என்று வரிசையாக எழுதியிருக்கும். எண்ணியிருப்பார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆனால் உடம்பு கெட ஆரம்பிக்கும்போது முதலில் நகர்கிற எண்களில் அதுவும் ஒன்று. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய 'நியூஸ்' மதிப்பெண் முறையில், மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். ஒரே அளவில் 3 வந்தாலே டாக்டரைக் கூப்பிட வேண்டும். மொத்தம் 5 என்றால் அவசரம், 7 என்றால் ஐ.சி.யூ. ஆட்களிடம் பேச வேண்டிய கட்டம். உங்கள் மருத்துவமனையில் அந்த முறை இல்லாவிட்டாலும் அந்த அட்டவணையை ஒருமுறை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள், பல்ஸ் பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணினால் அவர் மூச்சை மாற்றிவிட மாட்டார்.

அடுத்தது பி.பி. "பி.பி. நார்மலாதான் இருக்கு" என்ற வார்த்தையை நம்பி ஏமாறும் இடம் ஆபரேஷனுக்குப் பிந்தைய ரத்தப்போக்கு. நல்ல உடம்புக்காரர் ஒருவருக்கு மேல் பி.பி. விழுவதற்குள் மொத்த ரத்தத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிருக்கும். அதற்கு முன்பே பல்ஸ் 100-ஐத் தாண்டும், கை கால் சில்லிடும், 120/80 என்று இருந்தது 110/90 ஆகும். மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் நெருங்கி வருவதை யாராவது கவனிக்க வேண்டும், அது நீங்கள்தான். இதில் ஒரு பொறி இருக்கிறது: மெட்டோப்ரோலால், அடினோலால் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தம் போனாலும் பல்ஸ் ஏறாமல் இருக்கலாம். அப்போது யூரின்தான் உண்மையைச் சொல்லும். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மி.லி., அதாவது 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மி.லி. இதற்குக் கீழே இரண்டு மணி நேரம் தொடர்ந்து போனால் முதலில் கதீட்டர் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அதில் பழுதில்லை என்றால் டாக்டருக்குச் சொல்லுங்கள். காலை 6 மணிக்கு யூரோபேக்கைக் காலி செய்து மொத்தமாக ஒரு எண்ணை எழுதும் பழக்கத்தில் இது எதுவுமே தெரியாது.

பொட்டாசியம் குளோரைடு போடச் சொன்னாலே பயமாக இருக்கிறது. என்னென்ன பார்க்க வேண்டும்?

பயம் இருக்கட்டும். இங்கே கிடைக்கும் 10 மி.லி. ஆம்பியூலில் பொதுவாக 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது, அதை அப்படியே ஐ.வி. புஷ்ஷாகக் கொடுத்தால் இதயம் நின்றுவிடும். யார் சொன்னாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், அது கலந்துதான் போக வேண்டும். கையில் போட்ட வென்ஃப்ளான் (ஐ.வி. ஊசிக்குழாய்) வழியாக என்றால் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட், ஒரு லிட்டரில் 40-க்கு மேல் கலக்கக் கூடாது என்பது வார்டுகளில் வழக்கமான வரம்பு. அதைவிட வேகமாகப் போக வேண்டுமென்றால் மானிட்டரும் சென்ட்ரல் லைனும் (இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய்) வேண்டும், அது வார்டு வேலை இல்லை.

மருந்து சரியாக இருந்தும் தப்பு நடக்கும் இடம் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற டிரிப்ஸ் பாட்டிலில், தொங்குகிற நிலையிலேயே ஊசியை ஏற்றிப் பொட்டாசியத்தைப் போடுவார்கள். அது கனமானது, பாட்டிலின் கழுத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், முதல் சில நிமிடத்தில் அடர்த்தியாக இறங்கும். பாட்டிலைக் கழற்றி, கலந்து, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்து, லேபிள் ஒட்டி, அப்புறம் மாட்டுங்கள். அதற்கும் முன்னால் யூரின் போகிறதா என்று பாருங்கள், சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குக் கொடுத்த பொட்டாசியம் வெளியே போக வழியில்லை.

சரி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டால்? ஈ.சி.ஜி.-யில் டி அலை கூர்மையாக நிமிர்ந்து நிற்கும். கால்சியம் குளுக்கோனேட் கொடுப்பார்கள், அது பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை, இதயத்தைக் காப்பாற்றி நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும்தான் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுகின்றன. அதைக் கொடுத்த பிறகு சர்க்கரையைப் பல மணி நேரம் தொடர்ந்து பார்க்க வேண்டும், இதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

சோடியம் குறைவாக இருந்தால் சீக்கிரம் ஏற்றிவிடலாமா?

கூடாது. 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 8 முதல் 10 மில்லி ஈக்விவலன்ட் வரைதான் ஏற வேண்டும், வேகமாக ஏறினால் மூளைத் தண்டில் நிரந்தரப் பாதிப்பு வரலாம். 3 சதவீத சலைன் போகிறவருக்குச் சொட்டு வேகத்தைக் கண்ணால் பார்த்து விட்டுவிடாதீர்கள், பம்பில் போடுங்கள்.

இன்சுலின் சிரிஞ்சில் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி என்று இரண்டு இருக்கிறதே, இரண்டும் ஒன்றுதானா?

ஒன்று இல்லை. நம் நாட்டில் கவனிக்க வேண்டிய ஆபத்து இது, வெளிநாட்டுப் புத்தகங்களில் இதைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. நம்மிடம் இன்சுலின் வயல்கள் (மருந்துக் குப்பிகள்) பெரும்பாலும் மி.லி.-க்கு 40 யூனிட், பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ்கள் 100 யூனிட். சிவப்பு மூடிச் சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பேனா கெட்டுப்போய்விட்டது என்று 100 யூனிட் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது அரை மி.லி., அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. மாற்றிப் போட்டால் உல்டாவாக, கொடுக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவு. வயல் லேபிளையும் சிரிஞ்சில் அச்சடித்திருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவருக்கும் இதையே சொல்லி அனுப்புங்கள், மருந்துக்கடையில் எந்தச் சிரிஞ்சு கையில் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினிலும் இதே கதை. 5 மி.லி. வயலிலேயே மொத்தம் 5,000 யூனிட் உள்ளதும் 25,000 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது, அளவில் இரண்டும் ஒரே மாதிரி. இரண்டையும் ஒரே டிரேயில் வைக்கிற வார்டில் நீங்கள் இருந்தால் இன்றைக்கே பிரித்து வையுங்கள்.

சர்க்கரை இறங்கினவருக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர் போதுமா?

நினைவோடு இருந்தால், 70-க்குக் கீழே என்றால், 15 கிராம் அளவு, அதாவது மூன்று ஸ்பூன் சர்க்கரை கலந்த தண்ணீர், 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட். ஆனால் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை வேலைக்கு ஆகாது, அந்த மாத்திரை குடலில் சர்க்கரையை உடைய விடாது. அவருக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும். நம் ஊரில் எத்தனை பேர் வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. ரத்தக்குழாய் வழியாகப் போக வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி சர்க்கரை மாத்திரை சாப்பிட்டு இறங்கினவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, மறுபடி மறுபடி இறங்கும், குறிப்பாகச் சிறுநீரகப் பிரச்சினை உள்ள வயதானவர்களுக்கு.

சர்க்கரை ஏறி கீட்டோன் வந்தவருக்கு (டி.கே.ஏ.) இன்சுலின்தானே முதல் மருந்து?

முதலில் திரவம், அப்புறம் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு இன்சுலின். பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருக்கும்போது இன்சுலினை ஓட்டினால் அது இன்னும் விழும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். சர்க்கரை 250-க்குக் கீழே வந்ததும் இன்சுலினை நிறுத்திவிடுகிற பழக்கத்தையும் விடுங்கள், அப்போது டெக்ஸ்ட்ரோஸைச் சேர்க்க வேண்டும், கீட்டோன் போகும்வரை இன்சுலின் ஓட வேண்டும். நிறுத்தச் சொல்லி ஆர்டர் வந்தால் கேள்வி கேளுங்கள், தப்பில்லை.

ரத்தம் ஏற்றும்போது எதை விடவே கூடாது?

ரியாக்ஷன் என்றால் குளிரும் காய்ச்சலும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். உயிரை எடுக்கக்கூடிய தப்பு ரத்தம் ஆள் மாறிப் போவது, அது பிளட் பேங்கில் நடப்பதைவிடக் கட்டில் பக்கத்தில்தான் அதிகம் நடக்கிறது. அதனால் இரண்டு பேர் சேர்ந்து, நர்ஸிங் ஸ்டேஷனில் நின்று பேப்பரைப் பேப்பரோடு ஒப்பிடாமல், பேஷண்ட் பக்கத்தில் நின்று அவரையே பெயரைச் சொல்லச் சொல்லி, பையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "நீங்கதானே முருகன்?" என்று கேட்டால் தூக்கக் கலக்கத்தில் யாரும் ஆமாம் என்பார்கள்.

முதல் 15 நிமிடம் மெதுவாக விட்டு அங்கேயே நில்லுங்கள். பை பேங்கிலிருந்து வந்து 30 நிமிடத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சூடாக்குகிறேன் என்று வெந்நீரில் முக்கி வைப்பதெல்லாம் கூடாது. அதே லைனில் நார்மல் சலைன் மட்டும்தான் போகலாம், டெக்ஸ்ட்ரோஸ் சிவப்பணுக்களை உடைக்கும், ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் இருக்கிறது, ரத்தம் உறையும்.

ஏதாவது சந்தேகம் வந்தால் (முதுகு வலி, நெஞ்சு இறுக்கம், "என்னமோ பண்ணுது" என்கிற சொல்கூட) வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்று நினைக்காமல் நிறுத்துங்கள். செட்டையே மாற்றிப் புதுச் செட்டில் சலைனைப் போட்டு லைனைத் திறந்து வையுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள், பையையும் செட்டையும் குப்பையில் போடாமல் பேங்குக்குத் திருப்பி அனுப்புங்கள், முதலில் போகிற யூரினைப் பிடித்து வையுங்கள். இரண்டாவது பை முடியும்போது வயதானவர் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினால் அது அலர்ஜியைவிடத் திரவம் கூடிப்போனதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நெஞ்சில் டியூப் (ஐ.சி.டி.) போட்டவரை எக்ஸ்-ரேவுக்கு அனுப்பும்போது கிளாம்ப் பண்ண வேண்டுமா?

வேண்டாம். காற்று கசிந்துகொண்டிருக்கிற நுரையீரலுக்குக் கிளாம்ப் போட்டால் உள்ளே காற்று அடைத்து, போகிற வழியிலேயே மூச்சு நின்றுவிடலாம். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே இருந்தால் போதும், ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது அட்டெண்டர் அதைத் தூக்கிக் கட்டில் மேல் வைப்பதைத் தடுங்கள். மூச்சுக்கு ஏற்பத் தண்ணீர் மட்டம் ஏறி இறங்க வேண்டும். திடீரென்று நின்றுவிட்டால் டியூப் மடிந்திருக்கிறது, அடைத்திருக்கிறது, இல்லையென்றால் நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது, எது என்று பார்க்க வேண்டும். டியூப் பாட்டிலிலிருந்து கழன்றுவிட்டால் நுனியை ஸ்டெரைல் தண்ணீருக்குள் விடுங்கள். நெஞ்சிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் காஸை வைத்து மூன்று பக்கம் மட்டும் பிளாஸ்டர் ஒட்டுங்கள், நாலாவது பக்கம் காற்று வெளியேற. மணிக்கு 200 மி.லி. வீதம் ரத்தம் வந்துகொண்டிருந்தால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீர்கள்.

டிரிப்ஸ் கணக்கு எப்போதும் குழம்புகிறது. எளிய வழி உண்டா?

மைக்ரோ செட்டில் மணிக்கு எத்தனை மி.லி.-யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. சாதாரண செட் 20 சொட்டு என்றால் (உறையில் போட்டிருக்கும், பாருங்கள்) மணிக் கணக்கை மூன்றால் வகுங்கள். 500 மி.லி. நாலு மணி நேரத்தில் என்றால் மணிக்கு 125, மூன்றால் வகுத்தால் 42 சொட்டு.

மாவுக்கட்டு போட்டவர் ராத்திரி முழுக்க வலி வலி என்று கத்துகிறார். ஊசி போட்டும் அடங்கவில்லை. என்ன செய்வது?

"இவருக்குப் பொறுமையே இல்லை" என்று சொல்வதற்கு முன் கால் விரலை மெதுவாக மேலே நிமிர்த்திப் பாருங்கள். அப்போது அலறினால், அடிபட்ட அளவுக்குப் பொருந்தாத வலி என்றால், கட்டுக்குள் தசைப்பெட்டியில் அழுத்தம் ஏறுகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். டூ வீலர் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வருகிற இளவயதுக்காரர்களுக்கு இது அதிகம். பாதத்தில் பல்ஸ் கிடைக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள், பல்ஸ் போவது கடைசியில்தான், அதற்குள் சில மணி நேரம் கடந்து தசை செத்துப்போயிருக்கும். காலை இதயத்தின் மட்டத்தில் வையுங்கள், இன்னும் உயர்த்தினால் ரத்த ஓட்டம் குறையும். உடனே ஆர்த்தோ டாக்டரைக் கூப்பிடுங்கள், கட்டைப் பிரிக்க வேண்டியிருக்கும், ஆபரேஷன்கூட.

பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர் என்று நிறைய வருகிறது. புத்தகத்தில் இதற்கு இரண்டு பக்கம்தான் இருக்கிறது.

உண்மைதான். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தை நம்பிப் படித்தால் தாலுகா மருத்துவமனையில் தினமும் வரும் கேஸுக்கு ஒன்றும் கிடைக்காது.

பாம்புக்கடிக்கு நாம் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாரிப்பது. அதற்கான விஷம் எடுப்பதில் பெரும் பங்கு மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இயங்கும், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துடையது. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே டோஸ், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. மருந்தைக் கரைக்கும்போது குலுக்காதீர்கள், நுரைத்துவிடும், சுழற்றிக் கரையுங்கள். ஆரம்பிப்பதற்கு முன்பே அட்ரினலின் சிரிஞ்சில் தயாராக இருக்க வேண்டும். ஒரு சின்ன அரிப்பு, ஒரு தடிப்பு, இருமல் வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு 1:1000 அட்ரினலின் 0.5 மி.லி. தொடைத் தசையில், அதுதான் பெரியவர்களுக்கு வழக்கமான ஆர்டர். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிட டெஸ்ட்டுக்குச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய்தான் வேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் வேண்டாம். நடுவில் ஆட்டிப் பார்க்கக் கூடாது.

கட்டுவிரியன் தனி ரகம். ராத்திரி தரையில் படுத்திருந்தவரைக் கடிக்கும், வலி இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் இருக்கும். விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார், கேஸ் ட்ரபிள் என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். இமை பாதி மூடியிருக்கிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள், எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் வென்டிலேட்டர் உள்ள இடத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை அப்போதே ஆரம்பிக்க வேண்டும்.

பூச்சிமருந்தில் (ஆர்கனோபாஸ்பேட்) முதல் வேலை கிளவுஸ் போட்டுக்கொண்டு உடையைக் கழற்றி, தலைமுடி உள்பட உடம்பைக் கழுவுவது. அட்ரோபின் போய்க்கொண்டிருக்கும்போது கண்மணியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள். சளிச் சத்தம் போயிருக்க வேண்டும், பல்ஸ் 80-க்கு மேல், அக்குள் காய்ந்திருக்க வேண்டும். அதைத் தாண்டிப்போய் உளறல், காய்ச்சல், வயிறு உப்பிச் சத்தமே இல்லாமல் போவது, யூரின் நின்றுபோவது என்று வந்தால் அட்ரோபின் கூடிவிட்டது. அப்புறம் ஒன்று, இதுதான் நர்ஸ் கையில் இருக்கிற கண்டுபிடிப்பு: இரண்டாம், மூன்றாம் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவரைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியவில்லையென்றால் கழுத்துத் தசை தளர்கிறது, அடுத்தது மூச்சுத் தசை. ஷிஃப்ட்டுக்கு ஒருமுறையாவது இதைப் பார்த்துச் சார்ட்டில் எழுதுங்கள்.

டெங்குவில் காய்ச்சல் விட்டுவிட்டால் ஆபத்து முடிந்ததுதானே?

ஆரம்பிப்பதே அப்போதுதான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். வீட்டுக்காரர்கள் டிஸ்சார்ஜ் கேட்பதும் அன்றைக்குத்தான். விடாத வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து சுருண்டு படுப்பது, ஹிமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறிப் பிளேட்லெட் இறங்குவது, பி.பி.-யில் மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 20 ஆகச் சுருங்குவது, இவற்றைப் பாருங்கள். எல்லோரும் பிளேட்லெட் எண்ணையே கேட்டுக்கொண்டிருப்பார்கள், நீங்கள் ஹிமட்டோகிரிட்டையும் யூரினையும் பாருங்கள். தசையில் ஊசி போடாதீர்கள், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். தேறி வருகிற நாளில் கசிந்த நீர் திரும்ப உள்ளே வரும், அப்போதும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் மூச்சுத் திணறும்.

காலேஜில் சொல்லிக்கொடுத்ததில் எதெல்லாம் இப்போது மாறிவிட்டது?

சிலது நிஜமாகவே மாறிவிட்டது, சிலது முன்பே மாறியும் வார்டில் மட்டும் மாறவில்லை. ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) போட்டுவிட்டுக் காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்டு உறுதிப்படுத்துவது நம்பகமில்லை, நுரையீரலுக்குப் போன டியூபிலும் அந்தச் சத்தம் கேட்கும். உறிஞ்சி எடுத்த நீரின் பி.எச். 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் எக்ஸ்-ரே. படுக்கைப்புண் வரப்போகிற சிவந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது, உள்ளே உள்ள திசு இன்னும் நசுங்கும். பி.பி. எகிறியவருக்கு நாக்கடியில் நிஃபெடிபின் வைப்பதை விட்டாயிற்று, திடீரென்று விழுந்து பக்கவாதமே வரலாம். பக்கவாதத்தோடு வந்தவருக்கு விழுங்கும் சோதனை முடியும்வரை மாத்திரைகூட வாயில் வேண்டாம், உறவினர் காபி ஊற்றுவதற்குள் போர்டைத் தொங்கவிடுங்கள். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவருக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 போதும், 100-ஐப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. பாடத்தின் பெயரே மாறியிருக்கிறது, 2021 பாடத்திட்டத்தில் பி.எஸ்சி.-க்கு இது அடல்ட் ஹெல்த் நர்ஸிங்.

டயாலிசிஸ் பேஷண்ட் கையில் பி.பி. பார்க்கலாமா?

ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) இல்லாத கையில் பார்க்கலாம். ஃபிஸ்டுலா கையில் பி.பி., ரத்தம் எடுப்பது, வென்ஃப்ளான், எதுவும் வேண்டாம். ஷிஃப்ட் ஆரம்பத்தில் அங்கே விரலை வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும், இல்லையென்றால் அடைத்துவிட்டது, உடனே சொல்லுங்கள்.

ராத்திரி டாக்டரை எழுப்பினால் திட்டுகிறார். என்ன சொல்லி எழுப்புவது?

"சார், 7-ஆம் பெட் ஒரு மாதிரி இருக்கார், வந்து பாருங்க" என்றால் கோபம் வரத்தான் செய்யும், அவருக்கு ஒன்றும் புரியாது. இப்போது என்ன, யார் இவர், நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும், இந்த வரிசையில் சொல்லுங்கள். "சார், ஆண்கள் சர்ஜரி வார்டு ஸ்டாஃப் பேசுறேன். 7-ஆம் பெட்டுக்குப் பல்ஸ் 124, பி.பி. 104/86, மூச்சு 28, ரெண்டு மணி நேரமா யூரின் மொத்தமே 25 மி.லி.தான். நேத்து குடல் ஆபரேஷன் ஆனவர், 58 வயசு, சாயங்காலம் பல்ஸ் 88 இருந்தது. உள்ளே பிளீடிங் இருக்குமோன்னு நினைக்கிறேன். நீங்க இப்ப வந்து பார்க்கணும். அதுக்குள்ள சி.பி.சி., கிராஸ் மேட்ச் எடுத்துடட்டுமா?" இதைக் கேட்ட பிறகு தூங்கப் போகிற டாக்டர் அபூர்வம். அப்படியும் வரவில்லையென்றால் நேரத்தைப் போட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த நிலை டாக்டரையும் நைட் சூப்பரின்டென்டென்டையும் கூப்பிடுங்கள். பேசுவதற்கு முன்பே எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் குரல் தடுமாறாது.

எம்.ஆர்.பி., நார்செட், என்.சி.எல்.இ.எக்ஸ். பரீட்சைக்கும் இப்படிப் படித்தால் போதுமா?

தமிழக அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி.-க்கும் எய்ம்ஸின் நார்செட்டுக்கும் போதாது, அதற்கு மற்ற பாடங்களும் உண்டு, நேரடியான தகவல் கேள்விகளும் உண்டு, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க எழுதும் என்.சி.எல்.இ.எக்ஸ். 2023 ஏப்ரலிலிருந்து கேஸைக் கொடுத்து எதைக் கவனிப்பாய், எதை முதலில் செய்வாய் என்று கேட்கிற மாதிரி மாறிவிட்டது, அதற்கு இந்த வழி நன்றாகவே ஒத்துவரும். பிரிட்டன், அயர்லாந்து போகிறவர்கள் அலகுகளைப் பழகிக்கொள்ளுங்கள், அங்கே சர்க்கரை மில்லிமோலில் வரும். நம் எண்ணை 18-ஆல் வகுத்தால் கிடைக்கும், 180 என்பது அங்கே 10. சார்ட்டில் 4 என்று பார்த்தால் அது நம் கணக்கில் 72.